புகார்: அம்பாசடர் முன் சஸ்பென்ஷன் பம்ப் ரப்பர் தட்டை விட்டுக் கழன்றது பற்றி

அனுப்புநர்:
அம்பாசடர் மார்க் 4 உரிமையாளர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
பழைய கார் உதிரிபாக விற்பனை நிறுவனம்.

பொருள்: குறைபாடுள்ள பம்ப் ரப்பருக்குப் பணத்தைத் திருப்பிக் கேட்பதும், அதே சரக்கை மற்றவர்களுக்கு விற்பதை நிறுத்தக் கோருவதும்.

ஐயா,

உங்கள் இணையதளத்தில் 'அம்பாசடர் மார்க் 4 முன்பக்க பம்ப் ரப்பர், ரீபவுண்ட் ரப்பர், முழு செட்' என்று போட்டிருந்ததை வாங்கினேன். நான்கு ரப்பர்களுக்கும் கூரியர் செலவோடு 2,360 ரூபாய். அதில் இடது பக்கத்து பம்ப் ரப்பர், மாட்டி ஒரு மாதம் ஆவதற்குள் இரும்புத் தட்டை விட்டுத் தனியாகக் கழன்றுவிட்டது. கேட்டதற்கு, 'பொருத்திய பொருளைத் திரும்பப் பெற இயலாது' என்று ஒரு வரிப் பதில் வந்தது. அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்கள் வாடிக்கையாளர் சேவையில் பேசிய தம்பி "டோர் ரப்பரா சார்?" என்று கேட்டார்.

டோர் ரப்பர் இல்லை. அம்பாசடரின் முன்பக்கம் டார்ஷன் பாரில், அதாவது முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் வேலை செய்யும் இரும்புக் கம்பியில் நிற்கிறது. சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது, அதைத் தாங்கும் கீழ்க் கையான லோயர் ஆர்ம் மேலும் கீழும் ஆடும். அது மேலே ஏறி வந்து அடி பிரேமில் இரும்போடு இரும்பாக முட்டாமல் தடுப்பது, இரும்புத் தட்டோடு சேர்த்துச் செய்த பம்ப் ரப்பர். சக்கரம் தொங்கும்போது ஆர்ம் அளவுக்கு மேல் கீழே போகாமல் நிறுத்துவது ரீபவுண்ட் ரப்பர். சமதளத்தில் மெதுவாக ஓட்டும் வரை இரண்டுக்கும் பெரிய வேலையில்லை. வேகத்தடையிலும் பள்ளத்திலும் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போதும்தான் இவற்றின் அருமை தெரியும். நசுங்க நசுங்க இறுகிக்கொண்டே போவதுதான் நல்ல பம்ப் ரப்பரின் குணம். அது இல்லாமல் போனால் அந்த அடி முழுவதும் பிரேமுக்கும் வெல்டிங்குக்கும் போய்ச் சேரும். 1984 மாடல் வண்டியின் அடித்தகடு அந்த அடியை எத்தனை நாள் தாங்கும் என்று நினைக்கிறீர்கள்?

வண்டி என் அப்பா வாங்கியது. இன்றைக்கும் ஓடுகிறது, முகூர்த்த நாட்களில் சொந்தக்காரர்கள் பெண் அழைப்புக்குக் கேட்டு வாங்கிப் போகிறார்கள். பழைய ரப்பர்கள் கல்லாக இறுகி, வெடித்து, பாதி தேய்ந்துவிட்டன. நாற்பது வருடம் கடந்த ரப்பர் அப்படி ஆவதில் அதிசயமில்லை. அம்பாசடர் தயாரித்த உத்தரபாரா தொழிற்சாலை 2014-இல் மூடியதிலிருந்து இந்த வண்டிக்குப் புது பாகம் கம்பெனியிலிருந்து வருவதில்லை. உங்களைப் போன்றவர்களை நம்பித்தான் இருக்கிறோம். அதனால்தான் விலையைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை, இப்போதும் பேசப் போவதில்லை.

மாட்டியது தருமபுரியில், அம்பாசடரிலேயே ஊறிய ஒரு மெக்கானிக். 'தவறாகப் பொருத்தப்பட்டிருக்கலாம்' என்று உங்கள் இரண்டாவது மின்னஞ்சலில் சொல்லியிருப்பதால் அவர் செய்ததை எழுதுகிறேன். துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு ஊறவைத்தார். மறுநாள் பாடியைத் தூக்கி இருபுறமும் ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரங்களைக் கழற்றினார். வண்டி அந்தரத்தில் நின்றாலும் டார்ஷன் பார் முழுதாகத் தளராது, ஆர்ம் ரீபவுண்ட் ரப்பரை அழுத்திக்கொண்டேதான் இருக்கும். அதனால் ஆர்முக்கு அடியில் தனி ஜாக்கி கொடுத்துச் சற்றுத் தூக்கி, அழுத்தம் விட்ட பிறகே அந்த ரப்பரில் கை வைத்தார். இது தெரியாமல் கழற்றினால் விரல் போகும். பம்ப் ரப்பருக்கு ஆர்மைத் தொங்கவிட்டு, பிரேமில் தட்டு உட்காரும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்து, நட்டை முறுக்கினார். வண்டியை இறக்கியதும் இரண்டு பக்கமும் மட்கார்டு உயரத்தை டேப் வைத்து அளந்தார், சமமாக இருந்தது. இதில் எந்த இடத்தில் தவறு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். பொருத்தும் முறை பற்றி ஒரு துண்டுச் சீட்டுகூட உங்கள் பாக்கெட்டில் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் மலைப்பாதையில் குடும்பத்தோடு இறங்கிக்கொண்டிருந்தபோதுதான் பிரச்சினை தெரிந்தது. அந்த இறக்கத்தில் கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் பிரேக் பிடித்தால் வண்டியின் எடை மொத்தமும் முன்பக்கம் வந்து உட்காரும், எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு பள்ளத்தில் இறங்கியதும் இடது பக்கம் இரும்பில் இரும்பு அடிக்கும் சத்தம். அப்புறம் ஒவ்வொரு வேகத்தடையிலும் அதே சத்தம். ஊர்ந்து ஊர்ந்துதான் வீடு வந்து சேர்ந்தோம். தொப்பூர் கணவாயில் லாரிகளுக்கு நடுவே இப்படி ஆகாமல் போனதே பெரிய விஷயம் என்று என் மனைவி சொன்னதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்தார். பிரேமில் மாட்டும் ஸ்டட் திருகும் தட்டும் இருந்த இடத்தில் அப்படியே இறுக்கமாக இருந்தன. நட்டு தளரவில்லை. ரப்பர் மட்டும் முழு உருண்டையாகக் கழன்று லோயர் ஆர்மின் மடிப்பில் சிக்கிக் கிடந்தது. அதன் அடிப்பக்கம் வழவழவென்று இருந்தது. தட்டின் மேற்பக்கத்தில் ஒரு பொட்டு ரப்பர்கூட ஒட்டியிருக்கவில்லை, சாப்பிட்டுக் கழுவிய எவர்சில்வர் தட்டு போலப் பளபளத்தது.

இந்த ஒரு விஷயமே போதும் என்பது என் கருத்து. ரப்பரை இரும்போடு சேர்ப்பது பசை தடவி ஒட்டும் வேலை இல்லை. தட்டின் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, அதற்கென்றே உள்ள ரசாயனப் பூச்சு கொடுத்து, அச்சில் வைத்து, இன்னும் பதப்படுத்தாத பச்சை ரப்பரோடு சேர்த்துச் சூட்டிலும் அழுத்தத்திலும் வல்கனைஸ் செய்வார்கள். சரியாகச் செய்திருந்தால் ரப்பரும் இரும்பும் பிரியவே பிரியாது. அளவுக்கு மீறி அடி வாங்கினால் ரப்பர் நடுவில் கிழியும், தட்டில் கிழிசல் ஒட்டிக்கொண்டிருக்கும். இங்கே ரப்பரில் ஒரு கீறல் இல்லை, பிரிந்தது இணைப்பு. தட்டைச் சுத்தம் செய்யாமலோ பூச்சைச் சரியாகக் கொடுக்காமலோ அச்சில் போட்டால்தான் இப்படி வரும். மலைப்பாதையில் ஓட்டியதால் வருவதில்லை.

சந்தேகம் தீரட்டும் என்று வலது பக்கத்தையும் கழற்றி, இரண்டையும் இங்கே டயர் ரீட்ரேடிங் செய்யும் நண்பரின் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அவரிடம் ரப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் ஏ மீட்டர் இருக்கிறது, எண் கூடினால் கடினமும் கூடுதல். இடது ரப்பர் 48 காட்டியது, வலது ரப்பர் 73. ஐந்து புள்ளி கூடக் குறைய இருப்பதை ரப்பர் தொழிலில் ஏற்றுக்கொள்வார்கள். ஒரே பாக்கெட்டில் ஜோடியாக வந்தவற்றில் இருபத்தைந்து புள்ளி வித்தியாசம் என்றால், இரண்டும் ஒரே கலவையில் ஒரே நாளில் செய்தவை இல்லை என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பக்கம் இட்லி, ஒரு பக்கம் கருங்கல் என்று வண்டியை ஓட்டியிருக்கிறேன்.

உங்கள் மின்னஞ்சலில் இன்னும் இரண்டு காரணங்கள். ஒன்று, எண்ணெய் பட்டிருக்கலாம். இயற்கை ரப்பரில் எண்ணெய் பட்டால் அது ஊதும், பிசுபிசுக்கும். கழன்ற ரப்பர் ஊதவில்லை, பக்கத்திலேயே இருக்கும் ஆர்ம் புஷ்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது, அதிக பாரம். வண்டியில் பெரியவர்கள் நான்கு பேர், பேத்தி ஒருத்தி. கல்யாண வீட்டு ஆட்களையும் சீர்வரிசைத் தாம்பாளங்களையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போகும் வண்டி அம்பாசடர். நான்கு பேருக்குத் தாங்காது என்றால் அந்த ரப்பரை அம்பாசடர் பெயரில் விற்காதீர்கள்.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ விற்பவர் மறுக்க முடியாது. பொருத்திய பொருள், பொருத்தாத பொருள் என்று நீங்கள் பிரிப்பது உங்கள் வசதிக்கு. பம்ப் ரப்பரின் இணைப்பு நன்றாக இருக்கிறதா என்பது பாரம் ஏறினால்தான் தெரியும், பாக்கெட்டுக்குள் வைத்து எப்படிப் பார்ப்பது? அதே விதிகளின்படி என் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். பாக்கெட்டில் தயாரிப்பாளர் பெயர் இல்லை, முகவரி இல்லை, தயாரித்த மாதமும் வருடமும் இல்லை, அதிகபட்ச சில்லறை விலையும் இல்லை. இவையெல்லாம் இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதி. வெறும் பிளாஸ்டிக் பையில் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பியிருக்கிறீர்கள்.

எனக்கு வேண்டியது அதிகமில்லை. செட்டின் விலை 2,360 ரூபாயும், முதலில் மாட்டிய கூலி 1,400 ரூபாயும், மறுபடி கழற்றி மாட்டியதற்கான 900 ரூபாயும் தாருங்கள். மாற்று ரப்பர் அனுப்புவதாகச் சொன்னீர்கள், அதே சரக்கிலிருந்து வருவது எனக்கு வேண்டாம். மெக்கானிக் சென்னை புதுப்பேட்டையிலிருந்து கழற்றின கம்பெனி ரப்பர் ஒரு ஜோடி வரவழைத்துப் போட்டுவிட்டார், பழையதாக இருந்தாலும் ரப்பர் தட்டோடுதான் இருக்கிறது.

பணத்தைவிட முக்கியமானது ஒன்று உண்டு. இந்த ரப்பர் இன்றைக்கும் உங்கள் தளத்தில் விற்பனையில் இருக்கிறது. யார் செய்து கொடுத்தார்கள் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். கையிருப்பைப் பரிசோதிக்கும் வரை விற்பனையை நிறுத்துங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்குத் தகவல் கொடுங்கள், முகவரியும் தொலைபேசி எண்ணும் உங்களிடம்தானே இருக்கின்றன. சலுகை விலைக் குறுஞ்செய்தி வாரம் தவறாமல் வருகிறது, இதற்கு ஒன்று அனுப்புவது கஷ்டமாக இருக்காது.

ஒரு மாதத்துக்குள் பதில் இல்லையென்றால் தருமபுரி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. வந்து போகும் செலவு உங்களுக்குத்தான்.

பில், கூரியர் ரசீது, மெக்கானிக்கின் கூலிச் சீட்டு, தட்டும் ரப்பரும் தனித்தனியாக இருக்கும் படங்கள், மீட்டர் அளவைக் காட்டும் படங்கள் எல்லாவற்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன். அசல் ரப்பரையும் தட்டையும் 'ஆய்வுக்கு' அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். அவை என்னிடமே இருக்கும். உங்கள் ஆள் யாராவது வந்தால் தருமபுரி பட்டறையில் வைத்தே காட்டுகிறேன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுமுறை.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
பாலக்கோடு.