குன்னூரில் அம்மாவுக்குக் கை கொடுத்த டாக்டரம்மாவுக்கு

உங்கள் பெயரைக் கேட்க அன்று நேரம் அமையவில்லை. உங்கள் அப்பாவுக்குத் துணையாக அந்த கிளினிக்குக்கு வந்திருந்தீர்கள், நீங்களும் பல் டாக்டர் என்பது மட்டும்தான் தெரியும்.

வேர் சிகிச்சையின்போது (ரூட் கெனால்), பல்லின் உள்ளே கழுவும் சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினி மருந்து வேர் நுனியைத் தாண்டித் திசுவுக்குள் போய்விட்டது. மரத்துப்போன வாயையும் மீறி அம்மா அலறினார். சில நிமிடங்களில் கன்னம் வீங்கிவிட்டது.

நீங்கள் உள்ளே வந்து, திகைத்து நின்ற இளம் டாக்டரைக் கடிந்துகொள்ளாமல், "மருந்தை நிறுத்துங்க, சலைன் எடுங்க" என்றீர்கள். கசிந்த ரத்தத்தை அடைக்காமல் வடியவிட்டு, மறுபடி மரப்பு ஊசி போடச் சொன்னீர்கள். அப்புறம் நடந்ததை மறைக்காமல் அம்மாவிடமே விளக்கினீர்கள். எனக்கு அதுதான் பெரிது. காரணம் தெரிந்ததும் அம்மாவின் நடுக்கம் குறைந்தது.

முதல் நாள் அவ்வப்போது ஐஸ் ஒத்தடம், மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான ஒத்தடம் என்றீர்கள். "மூச்சுவிடவோ விழுங்கவோ கஷ்டமா இருந்தா உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடுங்க. நீங்க இருக்கிற கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கவே நேரமாகும், விடியட்டும்னு இருக்காதீங்க" என்றும் சொன்னீர்கள். நல்லவேளை, அதற்கு அவசியம் வரவில்லை. கன்னம் கறுத்து, மஞ்சளாகி, தெளிந்தது.

பிறகு அதே இளம் டாக்டர்தான் சிகிச்சையை முடித்தார். பக்கவாட்டில் துளையுள்ள ஊசி, வேர் நுனிக்கு 2 மி.மீ. முன்பே நிறுத்தி, வேர்க்குழாயில் ஊசி சிக்காமல், மெதுவான அழுத்தம். நீங்கள் சொல்லிக்கொடுத்தது என்றார்.

அம்மா இப்போது அந்தப் பக்கமே மென்று சாப்பிடுகிறார். கோத்தகிரி பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள், உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறார். மனமார்ந்த நன்றி.