எங்கள் வானியல் மன்றத்தின் 2025ஆம் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், தடாவிலிருந்தும் சூளூர்பேட்டையிலிருந்தும் பஸ் ஏறி ஆரம்பாக்கம் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் செயலரின் வணக்கம்.

சென்ற ஆண்டறிக்கையின் தெலுங்குப் படி இன்னும் வரவில்லை என்று யாராவது எழுந்து கேட்பதற்கு முன் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்து ஒரே தடவையில் எழுதித் தருவதாகப் பொருளாளர் வாக்களித்திருக்கிறார். அவர் வாக்களித்தது அறிக்கையில் பதிவாகிவிட்டது என்பதை அவர் கவனிக்க வேண்டும்.

ஜனவரி 29 அதிகாலை 6.23 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவின் 100ஆவது ஏவுதல். பழவேற்காடு ஏரிக்கரையில் பனியில் நின்று பார்த்தோம். 1971 அக்டோபரில் ஆர்.எச்.125 என்னும் சிறு ராக்கெட்டோடு தொடங்கிய தளம் அது. 1979இல் எஸ்.எல்.வி.3 வங்கக் கடலில் விழுந்ததையும், மறு ஆண்டு ஜூலையில் அதே வகை ராக்கெட் ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்ததையும் நம் மூத்த உறுப்பினர் ஒருவர் வழக்கம்போல் விரித்துரைத்தார். 100ஆவது ராக்கெட் தன் வேலையைச் சரியாகச் செய்தது. அது கொண்டுபோன என்.வி.எஸ்.02 என்னும் வழிகாட்டிச் செயற்கைக்கோள்தான் உரிய பாதைக்கு ஏற முடியாமல் போனது.

அதே நாளில் அமெரிக்காவிலிருந்து வந்த இன்னொரு செய்திதான் இந்த ஆண்டு நம் மன்றத்தை அதிகம் பேசவைத்தது. பெண்ணு என்ற சிறுகோளிலிருந்து ஓசிரிஸ்-ரெக்ஸ் விண்கலம் 2023 செப்டம்பரில் கொண்டுவந்து இறக்கிய 121.6 கிராம் மண்ணின் ஆய்வு முடிவுகள் வெளியாயின. பிப்ரவரிக் கூட்டத்தில் அதைப் பற்றி நான் பேசினேன். உயிர்கள் புரதம் செய்யப் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 அந்த மண்ணில் இருக்கின்றன. டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. என்னும் மரபுப் பொருள்களின் எழுத்துகள் போன்ற ஐந்து காரங்களும் இருக்கின்றன. இதனால் அங்கே உயிர் இருந்தது என்று ஆகாது, சரக்கு இருந்தது என்றுதான் ஆகும் என்று சொல்லிவிட்டு, கைதட்டலை எதிர்பார்த்து நிறுத்தினேன். கைதட்டல் வரவில்லை. கடைசி வரிசையில் இருந்த அக்கா ஒருவர், "சார், உப்பும் இருந்தது என்றீர்களே. எந்த உப்பு முதலில் படிந்தது?" என்று கேட்டார்.

அவர் இளமையில் அத்திப்பட்டுப் பக்கத்து உப்பளத்தில் வேலை செய்தவர். எனக்குப் பதில் தெரியவில்லை. அவரையே முன்னால் வரச் சொன்னோம். கடல்நீரைப் பாத்தியில் விட்டு வெயிலில் காயவிட்டால் எல்லா உப்பும் ஒன்றாகப் படியாது என்று விளக்கினார். முதலில் சுண்ணாம்பு போல ஒன்று மெல்லிய ஆடையாகப் படியும். பிறகு ஜிப்சம். அது படிந்த பிறகு தண்ணீரை அடுத்த பாத்திக்கு மாற்றினால்தான் நல்ல சோற்றுப்பு கிடைக்கும். கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். விட்டுவைத்தால் உப்பு கைக்கும், ஈரம் இழுக்கும், வியாபாரி வாங்க மாட்டார். "எது எப்போது படிகிறது என்று பார்த்தே தண்ணீர் எவ்வளவு வற்றியிருக்கிறது என்று சொல்லிவிடுவோம்" என்றார்.

வீட்டுக்குப் போய்ப் பெண்ணு ஆய்வுக் கட்டுரையை மறுபடி படித்தேன். ஆய்வாளர்கள் செய்திருப்பதும் அதேதான். பெண்ணு மண்ணில் உப்புநீர் வற்றிப் படிந்த 11 கனிமங்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள். சுண்ணக் கனிமங்களும் சோற்றுப்பும் அவற்றில் உண்டு. படிந்த வரிசையை வைத்தே, பெண்ணு உடைந்து பிரிந்துவந்த தாய்ப்பாறைக்குள் 450 கோடி ஆண்டுகளுக்கு முன் உப்புநீர் தேங்கி மெல்ல மெல்ல வற்றியது என்று கணித்திருக்கிறார்கள். அந்தக் கனிமங்களில் ஒன்று டிரோனா. பூமிக்கு வெளியிலிருந்து வந்த பொருள் எதிலும் அதற்கு முன் அது தென்பட்டதில்லை. சலவைச் சோடாவுக்கு உறவுக்காரக் கனிமம் அது. முன்பெல்லாம் துணி வெளுக்க எடுத்த உவர்மண்ணின் வீரியமும் இதே சோடாவால்தான். மார்ச் கூட்டத்தில் அக்காவும் நானும் சேர்ந்து பேசினோம். என் பங்கு பத்து நிமிடம், அவருடையது நாற்பது. மூன்று பாத்திரங்களில் கடல்நீரை வெவ்வேறு அளவுக்குக் காயவைத்துக் கொண்டுவந்திருந்தார். இந்த ஆண்டின் சிறந்த கூட்டம் அதுவே என்பது செயலரின் கருத்து, தலைவர் மாறுபடலாம்.

மே 18 காலை 5.59 மணிக்கு பி.எஸ்.எல்.வி.சி61 ராக்கெட். கைதட்டினோம், டீ குடித்தோம், வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் மூன்றாம் கட்டத்தில் கோளாறாகித் திட்டம் நிறைவேறவில்லை என்று தெரிந்தது. கண்ணுக்குத் தெரிகிற வரை எல்லாம் அழகாகவே போனது.

ஜூலை 30 மாலை 5.40 மணிக்கு நிசார். அமெரிக்காவின் நாசாவும் நம் இஸ்ரோவும் சேர்ந்து செய்த 2,392 கிலோ செயற்கைக்கோள். அன்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தோம்: நெருப்பு தெரிந்த கணத்திலிருந்து உறுமல் காதில் விழும் வரை விநாடிகளை எண்ண வேண்டும். நான்கு பேர் நான்கு கணக்குச் சொன்னார்கள். சராசரி 80 விநாடி. அந்த வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகும் என்று வைத்துப் பெருக்கினால் 28 கிலோமீட்டர். வரைபடத்தில் அளந்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஏவுதல் நாளில் அப்பா கடலுக்குப் போக முடியாததால் தானும் வர முடிந்தது என்று ஒரு பிள்ளை சொன்னது. அந்த வீட்டின் அன்றைய வருமானம் பற்றி நாம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

நிசார் சுமார் 740 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இரண்டு ரேடார் அலைவரிசைகளில் தரையைப் பார்க்கிறது. நீண்ட அலை நாசாவுடையது, குறுகிய அலை இஸ்ரோவுடையது. மேகமோ இருட்டோ அதற்குத் தடையில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்தப் பகுதியைப் படம் பிடிக்க வேறென்ன வழி? 12 நாட்களுக்கு ஒரு முறை அதே பாதைக்குத் திரும்புவதால், முந்தைய பதிவோடு ஒப்பிட்டுத் தரை சென்டிமீட்டர் கணக்கில் இறங்கியதையோ ஏறியதையோ கண்டுபிடிக்கலாம்.

மேலே இருப்பவர்கள் 12 நாளுக்கொருமுறை அளந்தால் கீழே நாமும் அளப்போம் என்று தலைவர் ஆலோசனை சொன்னார். பழவேற்காடு ஏரி கோடையில் சுருங்கி மழையில் விரிகிற ஏரி. ஆரணியாறும் காளங்கியும் வெள்ளம் கொண்டுவருகின்றன. முகத்துவாரம் மணலால் அடைபட்டால் கடல்நீரின் போக்குவரத்து நின்று மீன்வரத்தும் இறாலும் குறைகின்றன. ஆகவே செப்டம்பரில் கரையிலிருந்து சற்றுத் தள்ளி, அளவு குறித்த சவுக்குக் கழி ஒன்றை நட்டோம். டிசம்பர் முடிய பத்து அளவுகள் எடுத்திருக்க வேண்டும். கைவசம் இருப்பவை ஆறு. இரண்டு நாள் மழை. ஒரு நாள் செயலர் மறந்துவிட்டார். ஒரு நாள் போய்ப் பார்த்தபோது கழி இடம் மாறி, அதில் ஒரு படகு கட்டப்பட்டிருந்தது. படகுக்காரரைக் குறை சொல்ல முடியாது. படகு கட்டத் தோதான கழியை நட்டவர்கள் நாம்தான். பூநாரைகள் கழியைப் பொருட்படுத்தவில்லை.

செப்டம்பர் 7 இரவு முழுச் சந்திர கிரகணம். 11 மணி முதல் 12.22 வரை நிலா முழுவதும் நிழலுக்குள் இருந்தது. மேகம் விட்டு விட்டு வழிவிட்டது. செந்நிறம் எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்களுக்கு, பூமியின் காற்று நீல ஒளியைச் சிதறடித்துவிட்டுச் சிவப்பை மட்டும் வளைத்து நிழலுக்குள் அனுப்புகிறது என்று விளக்கினோம். சுண்டல் ஏற்பாடு செய்திருந்தோம். பாதிப் பேர் எட்டு மணிக்கே சாப்பிட்டுவிட்டு வந்து அதைத் தொடவில்லை. மீதிப் பேர் அவர்கள் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டார்கள். சண்டை எதுவும் வரவில்லை.

ஜூலை 1 அன்று கண்டுபிடிக்கப்பட்ட 3ஐ அட்லஸ் என்ற வால்மீன், சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்ததாக அறியப்பட்ட மூன்றாவது பொருள். நம் ஆறங்குலத் தொலைநோக்கியில் அது தெரியவில்லை. பார்த்ததாகச் சொன்ன உறுப்பினர் எதைப் பார்த்தார் என்பது விவாதத்தில் இருக்கிறது. அதை வேற்றுக்கிரகக் கப்பல் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியவர்கள் அருள்கூர்ந்து நிறுத்தவும்.

தொலைநோக்கியின் ஆடி உப்புக் காற்றால் மங்கிவிட்டது. மீண்டும் அலுமினியப் பூச்சு போட வேண்டும். அதற்கான தொகை கையிருப்பில் இல்லை, சந்தா பாக்கியில் இருக்கிறது. பாக்கி வைத்திருப்போர் பட்டியலைப் படிக்கச் சொன்னார் பொருளாளர். நான் படிக்கப் போவதில்லை. கதவருகில் ஒட்டியிருக்கிறது.

புதிய கழி வாங்கியாகிவிட்டது. இந்த முறை படகுத் துறையிலிருந்து விலகி நடுகிறோம். எங்கே என்பதை அந்தப் படகுக்காரரே காட்டித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். சேற்றில் இறங்கக்கூடிய இருவர் தேவை. பெயர் கொடுப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும்.