மீனோடு ஒரு சீட்டும் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழில், வீட்டில் கடல் மீன் வளர்ப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அழகாக இருந்தன. நாலு படத்தில் ஒன்று கடல் குதிரை. அபூர்வமான மீன்கள் எல்லாம் இப்போது நம் ஊர்க் கடைகளிலேயே கிடைக்கின்றன என்று சந்தோஷமாக எழுதியிருந்தார்கள். அந்த மீன் எங்கிருந்து வருகிறது, வாங்கிப் போன வீட்டில் எத்தனை நாள் உயிரோடு இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஏ.சி. பெட்டிகளைப் பார்க்கும் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன். வீடு வில்லிவாக்கம். கொளத்தூர் மீன் கடைகள் எனக்கு நடந்து போகிற தூரம்தான். அந்தப் பக்கத்து மக்கள் மொட்டை மாடியிலும் கொல்லையிலும் சிமென்ட் தொட்டி கட்டி, கப்பி, மோலி, ஃபைட்டர், கோல்ட் ஃபிஷ் என்று குஞ்சு எடுத்து வளர்த்து விற்பதை இளவயதிலிருந்து பார்த்து வருகிறேன். எந்தக் குஞ்சு எந்தத் தொட்டியில் பொரித்தது, என்ன தின்னும் என்று கேட்டால் அந்த வீட்டு அம்மா சொல்லிவிடுவார். அந்தத் தொழில் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இந்தக் கடிதம் அவர்களைப் பற்றியது இல்லை.

கடல் மீன் கதை வேறு. கடைத் தொட்டியில் நாம் பார்க்கும் கடல் மீன் வகைகளில் பெரும்பாலானவை இன்னமும் கடலில் பிடித்தவைதான். பண்ணையில் குஞ்சு எடுக்க முடிகிற வகைகள் கொஞ்சம். ஆனால் கடைக்குள் போனால் இரண்டும் ஒரே வரிசையில், ஒரே நீல விளக்கின் கீழே நிற்கும். எது வலையில் வந்தது, எது பண்ணையில் பிறந்தது என்று எழுதியிருக்காது. விலை எழுதியிருக்கும். சில கடைகளில் அதுவும் இல்லை, ஆளைப் பார்த்துச் சொல்வார்கள்.

பத்து வருடத்துக்கு முன் நானும் ஒரு கடல் தொட்டி வைத்தேன். நாலு அடி நீளம், சுமார் 250 லிட்டர். ஏனோதானோ என்று வைக்கவில்லை. ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் உப்பு கரைத்தேன். தண்ணீர் 25, 26 டிகிரியில் நிற்க வேண்டும். சென்னை மே மாதத்தில் சும்மா விட்டால் 32-ஐத் தாண்டிவிடும். பழைய வாட்டர் கூலரின் கம்ப்ரசரை எடுத்து நானே ஒரு சில்லர் கட்டினேன். கூலரில் இருந்த செம்புக் குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு டைட்டானியம் சுருள் குழாய் வாங்கி மாட்டினேன். உப்புத் தண்ணீரில் செம்பு கரைந்தால் இறாலும் சங்கும் செத்துப்போகும். அப்புறம் ஆறு வாரம் ஒரு மீன்கூட விடாமல் வெறும் தொட்டியை ஓட்டினேன். கழிவில் வரும் அம்மோனியாவை மாற்றுகிற பாக்டீரியா உருவாக அவ்வளவு நாள் ஆகும். என் மனைவி தினமும் காலையில் வந்து அந்த மீனில்லாத தொட்டியைப் பார்த்துவிட்டுப் போவார்.

இவ்வளவும் செய்தவன்தான் ஒரு மீனைப் பட்டினி போட்டுக் கொன்றேன்.

அது மாண்டரின். விரல் நீளம்தான் இருக்கும். நீல உடம்பில் ஆரஞ்சும் பச்சையுமாக, அரிசி மாவில் இழுத்த சிக்குக் கோலம் போல வளைந்து வளைந்து கோடுகள். "ரேர் பீஸ் சார், அடுத்த லோடுல வருமான்னு தெரியாது" என்றார் கடைக்காரர். என்ன சாப்பிடும் என்று கேட்டேன். "எல்லாம் சாப்பிடும் சார், ஈஸி மீன்" என்றார். 2,400 ரூபாய் கொடுத்து வாங்கினேன். தொட்டிக்கு அப்போது ஆறு மாதம்.

முதல் இரண்டு வாரம் வீட்டில் எல்லாரும் அதன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தோம். துடுப்பால் நடப்பது போல மெதுவாகக் கல்லுக்குக் கல் போகும். நின்று பார்க்கும், ஒரு கொத்துக் கொத்தும், நகரும். காலையிலிருந்து இரவு வரை இதுதான் அதன் வேலை. மூன்றாவது வாரம் மேலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது தலைக்குப் பின்னால் உடம்பு கிள்ளி எடுத்தது போல ஒடுங்கியிருந்தது. உறைய வைத்த இறாலை நுணுக்கிப் போட்டேன், தொடவில்லை. குருணைத் தீனி போட்டேன், திரும்பிக்கொண்டது. பாட்டிலில் ஆர்ட்டீமியா என்கிற சிற்றிறால் முட்டையைப் பொரிக்க வைத்து சொட்டு மருந்து போல அதன் வாய்க்கு முன்னால் விட்டேன். இரண்டொன்றைத் தின்றது, அவ்வளவுதான். 41-ஆம் நாள் காலையில் மணலில் கிடந்தது. கோடுகள் கொஞ்சமும் மங்கவில்லை.

மாண்டரின், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத கோப்பிபாடு என்கிற மிகச் சிறிய கடல் பூச்சிகளை நாள் முழுக்கக் கொத்தித் தின்று வாழ்கிற மீன். புதுத் தொட்டியில் இருக்கிற கோப்பிபாடைச் சில வாரத்தில் தின்று முடித்துவிடும். அதன் பிறகு நாம் எது போட்டாலும் பெரும்பாலும் அதற்கு அது உணவாகவே தெரியாது. இதைப் படித்துத் தெரிந்துகொண்டு மனைவியிடம் சொன்னேன். "நம்ம வீட்ல, பட்டினி கெடந்தா செத்துச்சு?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். "அது அப்படித்தான் சார், மாண்டரின் நிக்காது" என்றார். அந்தச் சொல்லைக் கடைகளில் அடிக்கடி கேட்கலாம். சில மீன் 'நிற்கும்', சில மீன் 'நிற்காது'. அவருக்கு அது விற்கும்போதே தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியாது. நான் கேட்டதற்கு உண்மையைச் சொல்லியிருந்தால் வாங்கியிருக்க மாட்டேன்.

நிற்காத மீன் நிறைய உண்டு. பவளப் பூச்சிகளை மட்டுமே தின்கிற பட்டாம்பூச்சி மீன் வகைகள் இருக்கின்றன. மற்ற மீன்களின் உடம்பிலிருந்து ஒட்டுண்ணியைக் கொத்தித் தின்று பிழைக்கிற கிளீனர் மீனை, நாலு மீன் இருக்கிற தொட்டிக்கு விற்கிறார்கள். நான்கு அங்குல எம்பரர் ஏஞ்சல் குஞ்சு, கருநீல உடம்பில் வெள்ளை வளையங்களோடு வேறு எந்த மீனிலும் பார்க்க முடியாத அழகோடு இருக்கும். வளர்ந்தால் வளையம் போய் மஞ்சள் கோடு வரும், நீளம் ஒரு அடியைத் தாண்டும். இரண்டு விரல் அகலத்தில் வாங்குகிற புளூ டேங் என்கிற மீனும் ஒரு அடி வரை வளரும். இரண்டடித் தொட்டி வைத்திருக்கிற பள்ளிக்கூடப் பையனுக்கு அதைப் பையில் கட்டிக் கொடுப்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து வருகிற மீனில் இன்னொரு கொடுமை உண்டு. சயனைடு அடித்து மீன் பிடிக்கிற வழக்கம் 1960-களில் பிலிப்பைன்ஸில் தொடங்கி, பிறகு இந்தோனேசியாவுக்கும் பரவியது. சட்டப்படி தடை இருந்தும் முழுதாக நிற்கவில்லை. பவள இடுக்கில் ஒளிந்திருக்கிற மீன் மீது சயனைடு கரைசலைப் பீய்ச்சினால் அது மயங்கி வெளியே வரும். பக்கத்துப் பவளமும் அதில் சாகும். அப்படிப் பிடித்த மீன் கடையில் பளபளப்பாக நிற்கும், தீனியும் எடுக்கலாம், ஆனால் உள்ளுறுப்பு கெட்டுப்போய் பிற்பாடு சாகலாம். தொட்டியில் ஒரு மீன் காரணம் தெரியாமல் செத்தால் தண்ணீரைத்தான் நாம் சோதிக்கிறோம். அதை எப்படிப் பிடித்தார்கள் என்று கேட்க நமக்கு ஆளில்லை.

இனி கடல் குதிரைக்கு வருகிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு கடையில் (கொளத்தூர் இல்லை, வேறு பக்கம்) உப்பு வாங்கிக்கொண்டிருந்தபோது, "சார், உள்ள ஒரு ஸ்பெஷல் ஐட்டம் இருக்கு, பாக்கிறீங்களா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். பின்கட்டில் ஒரு பெயின்ட் வாளி. அதில் இரண்டு கடல் குதிரை. கடலில் அவை பாசியையும் கடல் புல்லையும் வாலால் பற்றிக்கொண்டு நிற்கும். வாளியில் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை. காற்று விடுகிற பிளாஸ்டிக் குழாயை இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக வாலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தன. குழாய் அதிர அதிர அவையும் அதிர்ந்தன. ஒன்றின் வயிறு உப்பியிருந்தது. கடல் குதிரையில் ஆண்தான் முட்டையைப் பையில் சுமக்கும்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வனத்துறைக்கு அன்றே போன் செய்திருக்க வேண்டும், செய்யவில்லை. இன்று வரை அது மனதை உறுத்துகிறது. கடல் குதிரை இனம் முழுவதையும் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. விற்றாலும் வாங்கினாலும் வீட்டில் வைத்திருந்தாலும் குற்றம். சிறைத் தண்டனை உண்டு. பவளமும் அப்படித்தான். தொட்டிக்குள் அழகுக்கு வைக்க 'லைவ் ராக்' என்று எடைக்கு விற்கிறார்களே, அது பெரும்பாலும் பவளப்பாறையை உடைத்த கல். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். அந்தப் பக்கம் பல காலம் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததில் அலையைத் தடுக்க ஒன்றுமில்லாமல் போய், அந்த 21-ல் இரண்டு தீவு தண்ணீருக்குள் போய்விட்டது. இது தெரிந்த பிறகு என்னால் அந்தக் கல்லைக் கையில் எடுக்க முடியவில்லை. மண்பானை ஓட்டையும் செராமிக் துண்டையும் அடுக்கி வைத்தேன். பாக்டீரியா அதிலும் நன்றாகவே வளர்கிறது.

அப்படியானால் கடல் மீனே வளர்க்கக் கூடாதா என்று கேட்பார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. இப்போது என் தொட்டியில் ஒரு ஜோடி கோமாளி மீன் இருக்கிறது. கடைகளில் நீமோ என்பார்கள். பண்ணையில் பிறந்தவை. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்திலும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்திலும் கோமாளி மீன் குஞ்சு எடுக்கும் முறையைப் பல வருடம் முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். நம் முட்டுக்காட்டிலேயே, மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் சில்வர் மூனி, ஸ்காட் போன்ற அழகு மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறது. வெள்ளி வட்டு போல மின்னுகிற மூனிக்கூட்டம் எந்த அபூர்வ மீனுக்கும் குறைந்தது இல்லை.

என் கோமாளி ஜோடி போன மாசியில் பானை ஓட்டில் முட்டையிட்டது. ஆரஞ்சு நிறத்தில், கம்பளம் விரித்தது போல. ஆண் மீன் ராத்திரி பகலாகத் துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தது. கெட்டுப்போன முட்டையை வாயால் பொறுக்கி எடுத்துப் போட்டது. ஏழாம் நாள் முட்டைக்குள் வெள்ளிப் புள்ளியாகக் கண் தெரிந்தது. எட்டாம் நாள் விளக்கை அணைத்த பிறகு பொரித்தது. வாளியில் பிரித்து வைத்து ராட்டிஃபர் என்கிற நுண்ணிய இரையைப் போட்டு வளர்த்தேன். பத்துப் பதினைந்து நாளிலேயே பாதிக்கு மேல் போய்விட்டன. கடைசியில் 11 நின்றன. அந்த 11-ல் நான்கை என் மனைவி எங்கள் தெருவில் தொட்டி வைத்திருக்கிற ஒரு பெண்ணுக்குக் கொடுத்தார். என்ன தின்னும், எப்போது பிறந்தது என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். என்னைக் கேட்டு எழுதவில்லை, அவராகவே எழுதினார்.

நான் கேட்பதும் அந்தத் தாள்தான். கடல் மீன் விற்கிற ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு மீனோடும் ஒரு சீட்டு கொடுக்க வேண்டும் என்று மீன்வளத்துறை உத்தரவு போடலாம். மீனின் பெயர், கடலில் பிடித்ததா பண்ணையில் பிறந்ததா, எந்த ஊரிலிருந்து வந்தது, கடைக்கு வந்த தேதி, கடையில் என்ன தின்கிறது, எவ்வளவு பெரிதாக வளரும். அவ்வளவுதான். 2017-ல் மத்திய அரசு மீன் தொட்டிக் கடைகளுக்கு விதிமுறை கொண்டுவந்தது. 158 வகைகளைக் கடையில் வைக்கவே கூடாது என்று ஒரு பட்டியலும் அதில் இருந்தது. வியாபாரிகள் எதிர்த்தார்கள், விதி திரும்பப் பெறப்பட்டது. பட்டியல் போட்டுத் தடுப்பதில் ஆயிரம் சிக்கல் வரும். சீட்டு கொடுப்பதில் நேர்மையான கடைக்காரருக்கு என்ன நஷ்டம்? பண்ணை மீன் விற்கிறவருக்கு அது லாபம்கூட.

முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். ஒரு சின்னக் கடையில் இருக்கிற தம்பி, கடல் மீன் தொட்டிகளின் கண்ணாடியிலேயே மார்க்கர் பேனாவால் எழுதி வைக்கிறார். 'செவ்வாய் வந்தது. இன்னும் இரை எடுக்கலை. ஞாயிறு வரை தர மாட்டேன்' என்று ஒரு தொட்டியில் பார்த்தேன். அவர் நம் கண் முன்னால் தீனி போட்டு, மீன் தின்பதைக் காட்டிவிட்டுத்தான் பையில் கட்டுவார். நாங்கள் நாலைந்து பேர் இப்போது அவரிடம்தான் போகிறோம். வாங்குகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: உங்கள் கண் முன்னால் தின்னாத மீனுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். வருகிற ஞாயிறு இதழில், அந்தக் கடல் குதிரைப் படத்தை இன்னொரு முறை வெளியிட்டு, அதை விற்பதும் வாங்குவதும் குற்றம் என்று படத்துக்குக் கீழேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
வில்லிவாக்கம், சென்னை