எந்தத் தொகைக்கு நீ தகுதி, எந்தக் கணக்குக்கு அது வரும்

அன்பு மகள் கயலுக்கு,

ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டினால் அரசிடமிருந்து ஒரு பைசா வராது என்று விடுதியில் சொன்னார்களாமே. அந்த வரம்பு ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான) உதவித்தொகைக்கு உண்டு. அதையே எல்லாத் திட்டத்துக்கும் பொருத்திப் பார்த்துவிட்டு விண்ணப்பிக்காமலே விடுகிறார்கள்.

கல்லூரியில் படிக்கும் பெண்களுக்குத் தமிழக அரசு மாதந்தோறும் பணம் தரும் புதுமைப் பெண் திட்டத்தில் வருமானக் கேள்வியே கிடையாது. 6 முதல் 12 வரை எங்கே படித்தாய் என்பதுதான் கணக்கு. முதலில் அரசுப் பள்ளிக்கு மட்டும் என்று இருந்தது. 2024 டிசம்பரில் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். நீ அந்த வகை. மாதம் 1,000 ரூபாய். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது நிற்காது. விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும். உன் எமிஸ் எண்ணோடு (பள்ளியில் உனக்குக் கொடுத்த மாணவர் அடையாள எண்) பொறுப்பாசிரியரைப் போய்ப் பார்.

முதல் பட்டதாரி சலுகைக்கும் வருமானம் பார்ப்பதில்லை. தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தார் யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. நீ கலந்தாய்வில் இடம் பிடித்திருக்க வேண்டும். நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கிடையாது. கழிவது கல்விக் கட்டணம் மட்டுமே. விடுதி, பேருந்துக் கட்டணத்தை நாம்தான் கட்ட வேண்டும். வீட்டில் ஒருவருக்குத்தான் இது என்பதால், தம்பிக்கு இதை எதிர்பார்க்க வேண்டாம்.

மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகையில்தான் கவனம் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் உன் பிரிவில் 80 பெர்சென்டைலுக்கு மேல், குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள். பெர்சென்டைல் என்பது நூற்றுக்கு 80 மதிப்பெண் அல்ல. உன் பிரிவில் தேர்ச்சி பெற்றவர்களில் நூற்றுக்கு எண்பது பேரை நீ முந்தியிருக்க வேண்டும். பட்டப்படிப்பின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு வருடம் 12,000 ரூபாய், நான்காம் ஆண்டு 20,000. ஆனால் வேறு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ வாங்குபவருக்கு இது இல்லை. புதுமைப் பெண் தொகையோடு இது சேருமா என்று கல்லூரியில் கேட்டுக்கொள். முதல் பட்டதாரி சலுகையில் எவ்வளவு கழிகிறது என்று கல்லூரி ரசீதைப் பார்த்த பிறகு முடிவு செய். அந்தச் சலுகை, இந்த உதவித்தொகை இரண்டுக்கும் விண்ணப்பம் போட்டுவைத்தால் பின்னால் சிக்கல்.

எந்தத் திட்டமானாலும் பணம் சிக்கிக்கொள்கிற இடம் வங்கிக் கணக்கு. விண்ணப்பத்தில் நீ எழுதும் கணக்கு எண்ணுக்குத்தான் பணம் வரும் என்று நினைத்துக்கொள்ளாதே. ஆதாரை வைத்து அனுப்பும் தொகை, ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கு இணைக்கப்பட்டதோ அங்கே போய்விடும். வங்கியில் ஆதார் நகல் கொடுத்தேனே என்பாய். அது உன்னை அடையாளம் காண. மானியம் பெற இணைப்பது வேறு, அதற்குத் தனியாக ஒப்புதல் படிவம் தர வேண்டும். மை ஆதார் தளத்தில் வங்கி இணைப்பு நிலை என்ற இடத்தில் எந்த வங்கி என்று தெரியும். அங்கே பழைய வங்கியின் பெயர் இருந்தால், இப்போது பயன்படுத்தும் வங்கியில் படிவம் கொடுத்து மாற்றிக்கொள். பள்ளிக் காலத்தில் மைனராகத் தொடங்கிய கணக்கை 18 முடிந்தும் மாற்றாமல் வைத்திருந்தாலும், இரண்டு ஆண்டு வரவு செலவில்லாமல் முடங்கியிருந்தாலும் பணம் திரும்பிவிடலாம்.

அடுத்த தொல்லை இனிஷியல். ஆதாரில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, மதிப்பெண் சான்றிதழில் பின்னால், வங்கியில் அப்பா பெயர் முழுசாக. கம்ப்யூட்டருக்கு இவர்கள் மூன்று பேர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி ஆதாரைத் திருத்து. பெயரை ஆயுளில் இரண்டு முறைதான் மாற்ற விடுவார்கள், எழுத்துக்கெழுத்து சரிபார்த்துக் கொடு.

வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் இந்த வாரமே நான் விண்ணப்பிக்கிறேன். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று படியேறி வர நாளாகும். கடைசி வாரத்தில் கேட்டால் கிடைக்காது. என் வருமானமும் அம்மா வருமானமும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

மத்திய அரசின் அந்த உதவித்தொகைக்குத் தேசிய உதவித்தொகை தளத்தில் சமர்ப்பித்ததும் முடிந்ததென்று விட்டுவிடாதே. கல்லூரி சரிபார்க்க வேண்டும். குறையிருந்தால் உனக்கே திருப்பி அனுப்புவார்கள், கெடுவுக்குள் திருத்தி மறுபடி அனுப்பாவிட்டால் அந்த ஆண்டு போச்சு. வாரம் ஒருமுறை உள்ளே போய் நிலையைப் பார். அடுத்த ஆண்டு புதுப்பிக்க 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகையும் வேண்டும். ஊருக்கு வர ஆசைப்பட்டு வெள்ளிக்கிழமை வகுப்புகளைத் தவறவிட்டுக்கொண்டே இருக்காதே.

சான்று கையில் வந்ததும் ஸ்கேன் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா