எல்லாவற்றுக்கும் பகடை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு வீட்டிலேயே ஆடக்கூடிய விளையாட்டுகளைப் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பேச்சாலேயே கதையை நகர்த்தும் ரோல்பிளேயிங் விளையாட்டுகளுக்கும் அதில் இடம் ஒதுக்கியிருந்தது மகிழ்ச்சி அளித்தது. ஆனால் பாத்திரம் எதைச் செய்ய முயன்றாலும் இருபது முகப் பகடையை உருட்டியே முடிவு காண வேண்டும் என்ற பொருளில் அமைந்திருந்த வரியை மறுக்கவே இக்கடிதம். பல ஆண்டுகளாகச் சனிக்கிழமை மாலைகளில் நண்பர்களுக்கு இவ்விளையாட்டை நடத்திவருபவன் என்ற முறையில், அந்த வரியை நம்பித் தொடங்கும் குடும்பம் முதல் மாலையிலேயே அலுத்துவிடும் என்று அஞ்சுகிறேன்.

அந்தக் கருத்து எப்படி வந்திருக்கும் என்பது புரிகிறது. தாயமும் பரமபதமும் ஆடி வளர்ந்த நமக்கு, முறை வந்தால் பகடையை உருட்டியாக வேண்டும். தாயம் விழாமல் காய் கட்டத்தில் இறங்காது. இந்த விளையாட்டிலோ, சண்டைக் காட்சிகளை விட்டுவிட்டால், முறை என்ற ஒன்றே பெரும்பாலும் கிடையாது. கேம் மாஸ்டர் (நடத்துநர் என்று எழுதினால் பேருந்தும் விசிலும் நினைவுக்கு வருவதால் ஆங்கிலச் சொல்லையே வைத்துக்கொள்கிறேன்) சூழலைச் சொல்கிறார். தன் பாத்திரம் என்ன செய்கிறது என்று ஆடுபவர் சொல்கிறார். அது நடக்குமா என்பதைக் கேம் மாஸ்டர் முதலில் தம் அறிவைக் கொண்டே தீர்மானிக்கிறார். பெரும்பாலானவை கேள்வியின்றி நடக்கும், சில எப்படியும் நடக்காது. இரண்டிலும் சேராத ஐயத்துக்குரிய செயல் வரும்போதுதான் ஸ்கில் செக் என்று நாங்கள் சொல்லும் திறன் சோதனைக்கு வேலை வருகிறது.

இது என் சொந்த விருப்பம் அன்று. இவ்வகை விளையாட்டுகளில் புகழ்பெற்ற டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் வெளிவந்தபோது அதில் பொதுவான திறன் சோதனை முறையே இல்லை. குழியை எப்படித் தாண்டுவது என்று ஆடுபவர் விளக்கினார், நடுவராக இருந்த கேம் மாஸ்டர் முடிவு சொன்னார். பூட்டைத் திறக்கவும் ஓசையின்றி நடக்கவும் இத்தனை விழுக்காடு வாய்ப்பு என்ற கணக்கு, அடுத்த ஆண்டு வந்த துணைநூலில் திருடன் பாத்திரத்தோடுதான் நுழைந்தது. திறன் சோதனையை ஆட்டத்தின் நடுவில் வைத்த 2014-ஆம் ஆண்டுப் பதிப்பும், முடிவு நிச்சயமில்லாதபோது மட்டுமே பகடையை நாடச் சொல்கிறது. அப்போது விழும் எண்ணோடு பாத்திரத்தின் திறன் மதிப்பைக் கூட்டி, எளிய செயலுக்கு 10, நடுத்தரமானதற்கு 15, கடினமானதற்கு 20 என்ற இலக்கை எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

முடிவு நிச்சயமில்லை என்பதோடு இன்னொரு நிபந்தனையையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. தோற்றால் கதையில் ஏதேனும் மாற வேண்டும். பாழடைந்த வீட்டில் பூட்டிய பெட்டி இருக்கிறது, துரத்துபவர் யாரும் இல்லை, கருவிகள் கையில் இருக்கின்றன, பூட்டும் திறக்க முடியாத பூட்டு அன்று என்று வைத்துக்கொள்வோம். இங்கே பகடையில் 4 விழுந்தால் ஆடுபவர் 'மறுபடி முயல்கிறேன்' என்பார், எத்தனை முறையானாலும் முயல்வார். 2000-ஆம் ஆண்டு வந்த மூன்றாம் பதிப்பு இதற்கு அழகாக வழி செய்திருந்தது: தோல்வியால் கேடு இல்லாத இடத்தில், இருபது மடங்கு நேரம் செலவழித்தால் 20 விழுந்ததாகவே கொள்ளலாம். அதே பெட்டி, ஆனால் மாடிப்படியில் காவலனின் காலடி ஓசை கேட்கிறது என்றால் நிலைமையே வேறு. ஒரே ஒரு முயற்சிக்குத்தான் நேரம் இருக்கிறது. அது தவறினால் பெட்டியை விட்டு ஓடுவதா, காவலனை எதிர்கொள்வதா என்று முடிவெடுத்தாக வேண்டும். அந்த உருட்டலை மேசையில் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள்.

இது தெரியாமல் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. நான் நடத்திய முதல் கதை, 1981-இல் முதன்முதலாக வெளிவந்த கால் ஆஃப் கதுல்ஹு என்ற மற்றொரு ரோல்பிளேயிங் விளையாட்டின் முறையில் அமைந்த துப்பறியும் கதை. இறந்துபோன பேராசிரியரின் மேசை இழுப்பறைக்குப் பின்னால் ஒரு கடிதத்தை ஒளித்து வைத்திருந்தேன். அது கிடைத்தால்தான் கதை அடுத்த ஊருக்கு நகரும். ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் திறனுக்கு அந்த முறையில் தொடக்க மதிப்பு நூற்றுக்கு 25, அதாவது வெற்றி வாய்ப்பு 25 விழுக்காடுதான். ஆடிய மூவரில் ஒருவரும் அதை உயர்த்தியிருக்கவில்லை. மூவரும் உருட்டினார்கள், மூவரும் கோட்டைவிட்டார்கள். மூவரும் ஒருசேரத் தவறவிட 42 விழுக்காடு வாய்ப்பு இருந்தது என்பதை வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டேன். முக்கால் மணி நேரம் அந்த வீட்டையே சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஒருவர் தோட்டத்தைத் தோண்டவே தொடங்கிவிட்டார். கடைசியில் சமையற்கார அம்மாளை வரவழைத்து, கடிதத்தை அவர் கையாலேயே கொடுக்கச் செய்தேன். எப்படியும் கொடுக்கத்தான் போகிறேன் என்றால், இழுப்பறையைத் திறந்து பார்க்கிறேன் என்று சொன்னபோதே கொடுத்திருக்கலாம். ராபின் டி. லாஸ் துப்பறியும் கதைகளுக்கென உருவாக்கிய கம்ஷூ என்ற விளையாட்டு முறை இந்தச் சிக்கலைத் தீர்க்கவே எழுந்தது: உரிய திறன் உள்ளவர் உரிய இடத்தில் தேடினால் அடிப்படைத் துப்பு கிடைத்தே தீரும், அதற்குப் பகடையே கிடையாது.

ஒரே செயலுக்குத் திரும்பத் திரும்பச் சோதனை கேட்பது இதைவிட நுட்பமான தவறு, ஏனெனில் அது தவறு என்றே கண்ணுக்குத் தெரிவதில்லை. பதுங்கிச் செல்வதில் +5 மதிப்புள்ள பாத்திரத்துக்கு 10 என்ற இலக்கை எட்ட 80 விழுக்காடு வாய்ப்பு உண்டு. எளிது என்றே எவரும் சொல்வார்கள். மதிலருகே ஒன்று, முற்றத்தில் ஒன்று, படியில் ஒன்று, அறை வாசலில் ஒன்று என்று நான்கு முறை கேட்டுவிட்டால், நான்கிலும் தப்பிக்கும் வாய்ப்பு 41 விழுக்காடாகச் சுருங்கிவிடுகிறது. கேம் மாஸ்டர் தம்மை அறியாமலேயே எளிய செயலைக் கடினமாக்கிவிடுகிறார். லூக் கிரேனின் பர்னிங் வீல் ஆட்டம், ஒரு தடைக்கு ஒரு முறைதான் உருட்ட வேண்டும், சூழல் பெரிதும் மாறும்வரை அம்முடிவே நிற்கும் என்று விதித்திருப்பது இதனால்தான். ஐந்து பேர் கூட்டமாகப் பதுங்கிச் சென்றாலும் இதே கணக்குதான். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பு அதற்கு, பாதிப்பேர் வென்றால் குழுவே வென்றதாகக் கொள்ளலாம் என்கிறது.

இப்படிச் சோதனைகளைக் குறைத்துக்கொண்டே போனால், தன் பாத்திரத்தை அமைக்கும்போது பூட்டுத் திறக்கும் திறனில் புள்ளிகளைக் கொட்டியவருக்கு என்ன பயன் என்று என் நண்பர் ஒருவர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். பிறர் உருட்ட வேண்டிய இடத்தில் அவர் உருட்டாமலே திறந்துவிடுவதுதான் அப்புள்ளிகளின் பயன் என்பது என் பதில். ஆனால் ஓரிடத்தில் நண்பர் பக்கம் நிற்கிறேன். கூச்ச சுபாவமுள்ள பிள்ளை, பேச்சில் வல்ல தூதுவனாக ஆட விரும்பலாம். மன்னனிடம் என்ன கேட்கிறான், எதைக் காட்டிக் கேட்கிறான் என்று இரண்டு வாக்கியத்தில் சொன்னால் போதும். மீதியைப் பகடையும் தூதுவனின் திறன் மதிப்பும் பார்த்துக்கொள்ளட்டும். வாய்ச்சாலகம் உள்ள அண்ணன்மாருக்கு மட்டும் பேசியே காரியம் சாதிக்க இடம் கொடுத்தால், அந்தப் பிள்ளை அடுத்த வாரம் மேசைக்கு வராது.

எனவே கட்டுரையாளர் இப்பகுதியை மீண்டும் எழுத நேர்ந்தால், அந்த ஒரு வரிக்குப் பதிலாக, பகடையைக் கையில் எடுக்கும் முன் 'இது தவறினால் என்ன ஆகும்' என்பதைப் பெற்றோர் உரக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். சொல்ல ஒன்றும் தோன்றவில்லையென்றால், 'சரி, திறந்துவிட்டது' என்று சொல்லிவிட்டுப் பெட்டிக்குள் இருப்பதை விவரிக்கத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கோயம்புத்தூர்