கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பாரிஸுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா?

பாரிஸ் எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும் என்று போனில் கேட்டாய். பிள்ளைகள் போனைப் பிடுங்கியதில் சரியாகச் சொல்ல முடியவில்லை. அப்பாவுக்கும் இதைப் படித்துக் காட்டு.

மீனம்பாக்கத்திலிருந்து இங்குள்ள சார்ல் த கோல் விமான நிலையம் சுமார் 8,000 கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் வந்தாலே பத்து மணி நேரத்துக்கு மேல். கத்தார் நாட்டுத் தோகாவில் விமானம் மாறி வந்தால் பெரிய சுற்று என்று மாமா சொன்னாராமே, அப்படி இல்லை அம்மா. பெரியவளின் உலக உருண்டையில் சென்னைக்கும் பாரிஸுக்கும் நடுவே நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தேன். நூல் ஈரான் மேலாகப் போகிறது. தோகா அதற்குக் கொஞ்சம் தெற்கே, அவ்வளவுதான். அந்த வழியில் மொத்தம் சுமார் 8,250 கிலோமீட்டர் வரும். கூடுதல் தூரம் பெரிதில்லை, நேரத்தைத் தின்பது நடுவில் காத்திருப்பதுதான்.

அப்பாவால் பத்து மணி நேரம் காலை மடக்கி உட்கார முடியாது. நாலரை மணி நேரம் பறந்து, இறங்கிக் காலை நீட்டி நடந்து, அப்புறம் ஏழு மணி நேரம் பறப்பதுதான் அவருக்கு நல்லது. இடைவெளி மூன்று மணி நேரம் போல இருக்கட்டும். விலை குறைவு என்று ராத்திரி முழுக்க உட்கார வைக்கும் டிக்கெட்டை எடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். சக்கர நாற்காலி வேண்டும் என்று டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவிடலாம், அதற்குக் காசு இல்லை. அப்பா கூச்சப்படுவார், நீதான் பேசி ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும்.

பாண்டிச்சேரி லாஸ்பேட்டையிலிருந்தே ஏறலாமா என்றும் கேட்டாய். அங்கே ஓடுபாதை சின்னது, சிறிய விமானங்கள்தான் இறங்கும். சென்னைக்கே போய்விடுங்கள். திண்டிவனம் வழியாகப் போனால் ஜி.எஸ்.டி. சாலையிலேயே விமான நிலையம் வந்துவிடும். காரில் நாலு மணி நேரம் வைத்துக்கொள். விமானம் கிளம்ப மூன்று மணி நேரம் முன்பே உள்ளே இருக்க வேண்டும். அதிகாலை விமானம் என்றால் இராச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிடுங்கள்.

திரும்பும்போது நேரம் குறையும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பலமாகக் காற்று அடிக்கும், அது நம் ஊர்ப் பக்கம் போகும் விமானத்தைத் தள்ளிக் கொடுக்கும்.

கடிகாரம் இங்கே கோடையில் மூன்றரை மணி நேரம் பின்னால். அக்டோபர் கடைசியில் நாலரை ஆகிவிடும். ஆவணியில் வந்தால் இங்கே பாரிஸின் லா ஷப்பேல் பகுதியில் பிள்ளையார் தேரைப் பார்க்கலாம். தெரு முழுக்கத் தமிழ்க் கடைகள், முருங்கைக்காய் கூடக் கிடைக்கும். அப்பளம், வடகம் மட்டும் போதும், பெட்டியைக் கனமாக்காதே.

இருவர் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு. டிக்கெட்டில் பெயர் எழுத்து மாறக் கூடாது.

அன்புடன்,
உன் மகள்