‘எல்லாம் நார்மல்’ என்று சொல்லி அனுப்பும் டாக்டர்களுக்கு

வயிற்றுக் கோளாறுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர்களே, வணக்கம்.

என் வீட்டுப் பீரோவில் ஒரு கட்டைப்பை நிறைய 11 வருட ரிப்போர்ட்டுகள் இருக்கின்றன. எண்டோஸ்கோபி 2, கொலோனோஸ்கோபி 2. ஸ்கேனை எண்ணுவதை விட்டுவிட்டேன். எல்லாம் நார்மல். “ஒண்ணும் இல்லம்மா, தைரியமா இருங்க” என்பீர்கள். ஒன்றும் இல்லையென்றால், விடிந்ததும் நாலு தடவை கழிப்பறைக்கு ஓடுவது யார்? பஸ் ஏறும்போதே “எங்கே சார் நிக்கும்?” என்று கண்டக்டரிடம் கேட்டுவைப்பது எதற்கு? நீங்கள் ஒன்றும் இல்லை என்றதும் அடுத்த வாரம் வேறு ஆஸ்பத்திரியில் டோக்கன் போட்டேன். அங்கே மறுபடி முதலிலிருந்து டெஸ்ட்.

கடைசியில் ஒரு சின்ன கிளினிக்கில் வயதான டாக்டர் ஒருவர் பையைப் பிரிக்கவே இல்லை. வாரத்தில் எத்தனை நாள் வலி? போய்விட்டு வந்தால் குறைகிறதா, கூடுகிறதா? மலம் இளகலா, இறுகலா? தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா? ரத்தம் போகிறதா, எடை குறைந்ததா, வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய் உண்டா? கால் மணி நேரம் கேட்டுவிட்டு, “இதுக்குப் பேர் ஐ.பி.எஸ்.” என்றார். ‘இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்’, அதாவது குடல் எரிச்சல் நோய். வீட்டில் சொன்னபோது மாமியார், “யாருக்கு? எந்த ஊர்ல போஸ்டிங்?” என்றார்.

அவர் கேட்டது புதிதல்ல. 2016-இல் குடல் நோய் நிபுணர்கள் வெளியிட்ட ‘ரோம் 4’ அளவுகோலே வலியையும் மலப்போக்கையும் வைத்துத்தான் இந்த நோயைக் கண்டுபிடிக்கச் சொல்கிறது. அபாய அறிகுறி இல்லாவிட்டால் சில ரத்தப் பரிசோதனைகள் போதும், கொலோனோஸ்கோபி வேண்டாம் என்று டாக்டர்களுக்குச் சிகிச்சை வழிகாட்டுதல் தரும் பிரிட்டனின் ‘நைஸ்’ அமைப்பு 2008-லேயே சொல்லிவிட்டது. டெஸ்டோடு நின்றாலும் பரவாயில்லை. ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்குப் பித்தப்பையை எடுத்தது மற்றவர்களைப்போல 3 மடங்கு, அப்பெண்டிக்ஸையும் கருப்பையையும் எடுத்தது 2 மடங்கு என்று 2004-இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. என் அப்பெண்டிக்ஸும் போனதுதான். தையல் பிரித்த மறுவாரமே பழைய வலி வந்துவிட்டது.

இன்னொன்று. நடுவில் ஒருவர் எனக்கு அமிட்ரிப்டிலின் எழுதினார், எதற்கென்று சொல்லவில்லை. மருந்துக்கடைப் பையன், “இது டிப்ரஷனுக்குக் குடுக்கிறது” என்றான். கோபத்தில் தூக்கிப் போட்டேன். குறைந்த அளவில் அது குடல் நரம்பின் வலியைத் தணிக்கும் என்று அன்றே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் மூன்று ஆஸ்பத்திரி மிச்சமாகியிருக்கும். இப்போது அதே மாத்திரையும் இசப்கோல் என்ற நார்ச்சத்துத் தூளும்தான் ஓடுகிறது.

அடுத்து வருகிறவரிடம் ஒன்றும் இல்லை என்று சொல்லாதீர்கள். நோயின் பெயரைச் சீட்டில் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். போஸ்டிங் கேட்கிறவர்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கட்டைப்பைக்காரி